மூன்றாவதாக வாசிக்கும் பெயர்

சங்கரன்கோவில்
9 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ராஜகுமாரி எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழை விட்ட பிறகும் விடவில்லை. மதினியும் பாப்பாவும் எப்படி இருக்கிறார்கள்? உன் தோள் எப்படி?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். பூப்பந்து என்று பேச்சை ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் நீயோ நானோ வைத்துவிடுகிறோம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும், பிறகு எடுத்துப் படிக்கலாம். தவிர, வட்டாரப் பூப்பந்துக் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் நான் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

ஒரு டீமில் வெளியூர் ஆட்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று போன வருஷம் கட்டுப்பாடு போட்டோம். கீழத்தெரு டீமில் அந்த இரண்டில் ஒருவன் நீ. இந்த வருஷம் அதுவும் கிடையாது. யார் எங்கே குடியிருக்கிறாரோ அந்த ஊரில்தான் ஆட வேண்டும். தெரு டீம்களும் இனி இல்லை. எல்லாப் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, சங்கரன்கோவிலுக்கு நாலு டீம். ஆடித் தபசுத் திருவிழாவை ஒட்டி மூன்று நாளில் முடிகிற நாக்-அவுட்டுக்குப் பதிலாக, ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஞாயிறுதோறும் லீக். கடையநல்லூரும் கரிவலம்வந்தநல்லூரும் சேர்கின்றன. பெண்கள் டீம் அடுத்த வருஷம்.

விதிகள் அச்சடித்த தாளை உள்ளே வைத்திருக்கிறேன். உன் கருத்தை எழுது. வழக்கம்போல அப்பாதான் ஸ்கோரர், மைக்கும் அவரிடம்தான்.

மதினிக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம்.

தங்கை,
ராஜகுமாரி

*

குண்டக்கல்
27 ஜனவரி 2025

அன்புள்ள ராஜிக்கு,

கடிதமும் சட்டப் புத்தகமும் கிடைத்தன. இங்கே மூவரும் சௌகரியம். தோளுக்கு ஒன்றும் இல்லை, அதை விடு.

இருபது விதி போட்டிருக்கிறாயே, இது ஆட்டமா கோர்ட்டா? பதினான்காம் விதியைப் படித்துவிட்டு ரயில்வே ஷெட்டில் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன். பட்டியலில் இல்லாத ஒருவர் பெயரை மைக்கில் வாசித்தால், ஸ்கோரர் இரண்டு கேப்டனுக்கும், அந்தப் பெயருக்கு உரியவருக்கும் ஏழு நாளுக்குள் தன் கைப்பட விளக்கம் எழுத வேண்டுமாம். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க என்று புரிகிறது. அப்பா போன்ற ஸ்கோரருக்கு இது தேவையா? முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்தவர், ஒரு ஸ்டாப் பெயரை மாற்றிச் சொன்னதில்லை.

சிரிப்பு அதோடு முடிந்தது. ஊரில் பிறந்து, ஊர்க் களத்தில் மண் பூசி வளர்ந்து, அந்த ஆட்டத்தை வைத்தே ரயில்வேயில் வேலை வாங்கியவன் நான். என்னை வெளியூர் ஆள் என்கிறாய். ஜெயசித்ராவைக் கட்டிய நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை. ஒன்பது வருஷம். வீட்டுப் படி ஏறியதில்லை. அம்மாவைக் கோவிலில் வைத்துத்தான் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வர எனக்கு இருப்பது அந்த ஆட்டம் ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால், பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போது 'என்னலே, எங்க வந்த?' என்று எவனாவது கேட்டால் என்ன சொல்வேன்?

யோசித்து எழுது. அம்மாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அண்ணன்,
மாரிராஜ்

*

சங்கரன்கோவில்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு ஒத்தடம் நடக்கிறது. கோவில் புற்றுமண் கொஞ்சம் பொட்டலம் கட்டி இதனுடன் வைத்திருக்கிறாள், உன் தோளில் பூசவாம். நீ ஒன்றும் இல்லை என்று எழுதியதை அவள் நம்பவில்லை. நானும்தான்.

கோபப்படாமல் படி. போன தபசுக்குக் கீழத்தெரு டீமில் ஐந்தில் இரண்டு பேர் வெளியூர். அதற்கு முந்தின வருஷம் நாலு பேர். கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்து, ஜெயித்து, போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். வருஷம் முழுக்கக் களத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை உருட்டுகிற நம் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினார்கள். தோற்ற டீமுக்கு வருஷத்துக்கு ஒரே ஆட்டம். ஒரே ஒரு ஆட்டம் ஆடி எவன் தேறுவான்? பதினாறு வயதில் நான் உங்கள் டீமுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? என் பேக்-ஹேண்ட் உன்னுடையதைவிட நல்லது என்று நீயே சொன்னாய். சொல்லிவிட்டுக் குடத்தை நீட்டினாய்.

தெருவாரி டீம் என்றால் எந்தத் தெருவில் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கல்யாணத்தில் நீ பட்டதுதான் களத்திலும் கோடு போட்டு நிற்கிறது. அதை அழிப்பதில் நீ என் பக்கம் நிற்பாய் என்று நினைத்திருந்தேன்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிறாளா?

ராஜி

*

குண்டக்கல்
2 மார்ச் 2025

அன்புள்ள ராஜிக்கு,

எல்லோரும் நலம். பாப்பா அழுவதில்லை, டீச்சரை அழவைக்கிறாள். புற்றுமண் பூசினேன், அம்மாவிடம் சொல்.

நீ எழுதியது அத்தனையும் நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பிளாட்பாரத்தை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நடக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பிழைப்புக்காக வெளியே போன சொந்த ஊர் ஆட்டக்காரன், டீமுக்கு ஒருவன் ஆடலாம் என்று ஒரு வரி சேர். ஒரே வரி. கமிட்டியில் வைத்துப் பார். ஆதரவாகக் கை தூக்க ஆள் இருக்கிறார்கள்.

மாரிராஜ்

*

சங்கரன்கோவில்
19 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. நீ, மதினி, பாப்பா மூவரின் சுகத்துக்கும் எழுது.

உன் வரியை ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வைத்தேன். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். சேர்க்கலாம் என்று நாலு பேர், கூடாது என்று நாலு பேர். அப்பா எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஓட்டில் போய்விட்டது.

வருத்தமாக இருக்கிறது. அம்மா உன்னை விசாரித்தாள்.

ராஜி

*

குண்டக்கல்
26 மார்ச் 2025

ராஜிக்கு,

நலம்.

நாலும் நாலும் எட்டு. அப்பாவோடு ஒன்பது. அந்த ஒரு ஓட்டு யாருடையது?

மாரிராஜ்

*

சங்கரன்கோவில்
4 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, விடைத்தாள், கோடைப் பயிற்சி முகாம். நீயும் எழுதவில்லை. போன் செய்தேன், மதினி எடுத்து 'டூட்டில இருக்காக' என்றார்கள். மூன்று தடவையும் டூட்டியா?

நேற்று டீம் பிரிக்கச் சீட்டுக் குலுக்கினோம். அப்பாதான் ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தார். முதல் டீமுக்குப் பாண்டியராஜன் வந்தான், தாஹா வந்தான். மேலத்தெருவும் கீழத்தெருவும் பள்ளிவாசல் தெருவும் ஒரே வரிசையில் உட்கார்ந்ததைப் பார்க்க நன்றாக இருந்தது. அடுத்த சீட்டைப் பிரித்த அப்பா வாசிக்காமல் என்னிடம் நீட்டினார். "இத நீ வாசிட்டீ" என்றார். பார்த்தால் கோகுல். மதினியின் தம்பிதான். காலேஜ் முடித்து இங்கே மெடிக்கல் கடையில் வேலை பார்க்கிறான், குடியிருப்பதும் இங்கேதான். நான் வாசித்தேன். அப்பா அடுத்த சீட்டை எடுத்தார்.

மதினியின் ஊர் என்பதாலேயே அப்பா ஒரு காலத்தில் கரிவலம் ரூட்டே வேண்டாம் என்று டிப்போவில் எழுதிக் கொடுத்து மாற்றி வாங்கியது நினைவுக்கு வந்தது. அங்கே போனால் அந்த ஊர்ப் பெயரைக் கூவ வேண்டுமே.

கோகுலைத்தான் மூன்றாவது சர்வீஸில் நிறுத்தப் போகிறார்கள். உன் இடம்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

ராஜி

*

குண்டக்கல்
22 மே 2025

அன்புள்ள ராஜி மதினிக்கு,

ஜெயசித்ரா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம்தான். அத்தையின் கால்வலி குறைந்ததா? மாமாவின் உடம்பு எப்படி? நான் கேட்டதாக அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தோள்பட்டை நரம்பு கிழிந்து பத்து மாதம் ஆகிறது. இனி ஆடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். போன தபசுக்குப் பிறகு பேட்டைத் தொடவில்லை. விதி எப்படி இருந்தாலும் இந்த வருஷம் இவரால் ஒரு பந்துகூட அடிக்க முடியாது.

பிறகு எதற்கு இத்தனை சண்டை என்று நினைப்பீர்கள். ஆட்டம் தொடங்கும்முன் மாமா ஐந்து பெயரையும் சர்வீஸ் வரிசைப்படி வாசிப்பார்கள் அல்லவா? வருஷத்துக்கு ஒரு தடவை மாமா வாயிலிருந்து இவர் பெயர் வருவது அப்போதுதான். அதைக் கேட்கத்தான் இவர் வருகிறார். பெயரை வாசித்ததும் ஒரு சர்வீஸ் போட்டுவிட்டு, வலிக்கிறது என்று சொல்லி வெளியே வந்துவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தார்.

போன வருஷம் அதைப் போனில் பதிந்துகொண்டு வந்தார். 'மூணாவது சர்வீஸ், மாரிராஜ்.' மொத்தம் நாலு நொடி. பாப்பாதான் போட்டுப் போட்டுக் கேட்கிறாள். "தாத்தா அப்பாவக் கூப்பிடுதாங்க, அப்பா ஏன் போகல?" என்று கேட்கிறாள்.

என் தம்பி உங்கள் டீமில் வந்ததை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது. அவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ஜெயசித்ரா

*

சங்கரன்கோவில்
3 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

அம்மா அப்பாவுக்குக் குறைவில்லை. எனக்குத்தான் நிம்மதி இல்லை.

மதினி எழுதிவிட்டார்கள். அவர்களைத் திட்டாதே. மார்ச்சில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்த ஒரு ஓட்டு என்னுடையது. நாலுக்கு நாலு வந்தால் செயலாளர் தீர்க்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா பார்க்கவில்லை. அண்ணனுக்காக வளைத்துவிட்டாள் என்று ஒருவன் சொன்னாலும் இந்த லீக் அன்றைக்கே செத்துவிடும் என்று நினைத்தேன். கூடாது என்று கை தூக்கினேன். உனக்கு எழுதும்போது 'ஒரு ஓட்டில் போய்விட்டது' என்று யாரோ செய்ததுபோல எழுதினேன். அது கோழைத்தனம்.

நீ ஆட்டத்துக்காகக் கேட்கிறாய் என்றுதான் நினைத்தேன். அந்த நாலு நொடிக்காக என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒரு வாரமாக யோசிக்கிறேன். அப்போதும் அப்படித்தான் கை தூக்கியிருப்பேன். அதனால்தான் இத்தனை அழுகிறேன்.

மன்னித்துவிடு.

ராஜி

*

குண்டக்கல்
30 ஜூன் 2025

அன்புள்ள ராஜிக்கு,

நாங்கள் நலம். நீயும் அழுகையை நிறுத்திவிட்டு வேலையைப் பார்.

கேட்கும்போதே தெரியும், உன் ஓட்டுதான் என்று. நீயே சொல்கிறாயா என்று பார்த்தேன். அதில் கொஞ்சம் குரூரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். நீ செய்தது சரி. எனக்காக இந்த வருஷம் ஒரு வரி சேர்த்தால், அடுத்த வருஷம் ஊரில் பாதிப் பேர் ஆளுக்கொரு வரியோடு வருவார்கள்.

இந்தத் தபசுக்கு நான் வரவில்லை. லாட்ஜில் அறை சொல்ல வேண்டாம். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு. கோகுலிடம் சர்வீஸை அவசரப்படாமல் போடச் சொல், கை வேகமாகப் போனால் பந்து வலையில்தான் விழும்.

அப்பா அவன் பெயரை வாசிப்பாரா? அதை மட்டும் எழுது. எனக்காகக் கேட்கவில்லை, ஜெயசித்ரா நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிறாள்.

அண்ணன்,
மாரிராஜ்

*

சங்கரன்கோவில்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று முதல் ஆட்டம். நம் முதல் டீமும் கடையநல்லூரும். தபசுக் கூட்டம் இன்னும் ஊரில் இருந்ததால் களத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மைக்கை எடுத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். முந்தின நாளே, 'பேர் வாசிக்க வேற ஆளப் போடவாப்பா?' என்று கேட்டிருந்தேன். 'ஏன், எனக்கு வாய் இல்லையா?' என்று முறைத்தார்.

"மொத சர்வீஸ், பாண்டியராஜன். ரெண்டாவது சர்வீஸ், தாஹா. மூணாவது சர்வீஸ்..."

அங்கே நின்றார். தாளைப் பார்த்தார். கோகுல் களத்தில் தலையைக் குனிந்து நின்றான்.

"மாரிராஜ்" என்றார்.

பாதிப் பேருக்குப் புரியவில்லை. பின்னால் எவனோ சிரித்தான். கோகுல் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு அவன்பாட்டுக்குக் கையைத் தூக்கி, தன்னைத்தான் கூப்பிட்டதுபோல ஒரு அடி முன்னால் வந்து நின்றான். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

கடையநல்லூர் கேப்டன் நியாஸ் அகமது தெரியுமல்லவா, தங்கமான ஆள், ஆனால் விதி என்றால் விதி. நேரே என்னிடம் வந்தார். "மேடம், வாசிச்ச பேரு வேற, நிக்க ஆளு வேற. பதினாலாம் ரூலு நீங்க போட்டதுதான? நாளைக்கி எங்க ஊர்ல இப்படி நடந்தா விட்டுருவீயளா?" என்று கேட்டுப் புகார்த் தாளை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா மறுபடி மைக்கை எடுத்தார். "திருத்தம். மூணாவது சர்வீஸ், கோகுல்" என்றார். குரல் பிசிறவில்லை. மதினியிடம் சொல், வாசித்துவிட்டார். ஆட்டத்தில் தோற்றோம், ஆனால் கோகுல் நன்றாக ஆடினான்.

வீட்டுக்கு வந்ததும் பதினான்காம் விதியை அப்பா முன்னால் வைத்தேன். இரண்டு கேப்டனுக்கும், பெயருக்கு உரியவருக்கும். "நான் எழுதிட்டு வாரேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கப்பா" என்றேன். "கைப்படன்னுதான போட்டிருக்க?" என்றார். சாப்பிட்டார். பேப்பர் வாசித்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "குண்டக்கல்லுக்குப் பின்கோடு என்ன?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ராஜி

*

சங்கரன்கோவில்
16 ஆகஸ்ட் 2025

அனுப்புநர்: வே. கருத்தப்பாண்டி, ஸ்கோரர்
பெறுநர்: திரு. க. மாரிராஜ், குண்டக்கல்
பொருள்: 10.8.2025 ஆட்டத்தில் பெயர் மாற்றி வாசித்தது குறித்து விளக்கம்

ஐயா,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என்று செயலாளர் மூலம் அறிகிறேன். இங்கு அனைவரும் நலம்.

மேற்படி ஆட்டத்தில் மூன்றாவது சர்வீஸுக்கு கோகுல் என்று வாசிப்பதற்குப் பதிலாகத் தங்கள் பெயரை வாசித்துவிட்டேன். தாளில் எழுத்து தெளிவாகவே இருந்தது. கண்ணாடியும் போட்டிருந்தேன். ஆகவே கண் மேல் பழி போட முடியாது. அந்தப் பையன் பெயரை வாசிக்கக் கூடாது என்ற எண்ணத்திலும் செய்யவில்லை. வாசிக்கத்தான் வாயைத் திறந்தேன். மூன்றாவது என்று சொன்னதும் வந்தது அந்தப் பெயர்தான். வருஷம் முழுக்க வாய்க்குள் கிடந்தால் வேறு என்ன வரும்?

இனி இவ்வாறு நேராது என்று கடைசியில் எழுத வேண்டும் என விதியில் இருக்கிறது. நாலு தாளைக் கிழித்துவிட்டேன். அப்படி எழுதக் கை வரவில்லை. ஆகவே அந்த வரி இல்லாமலே அனுப்புகிறேன். செயலாளர் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன்.

கோகுல் நல்ல ஆட்டக்காரர். சர்வீஸ் போடும்போது அவசரப்படுகிறார். உனக்கும் ஆரம்பத்தில் அந்தக் கோளாறு இருந்தது.

அடுத்த ஆட்டம் ஆகஸ்ட் 31. ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குப் பதிவு தேவையில்லை என்று விதியில் படித்தேன். கோகுலின் அக்காளுக்குத் தம்பி ஆடுவதைப் பார்க்க ஆசை இருக்கும். மூன்று பேராக வரவும். லாட்ஜ் வேண்டாம்.

இப்படிக்கு,
வே. கருத்தப்பாண்டி

நகல்: 1. செயலாளர் 2. திரு. நியாஸ் அகமது 3. திரு. பாண்டியராஜன் (கேப்டன்கள்)

(நகலில் இல்லாதது: குழந்தையின் பெயரை எழுதி அனுப்பு. உங்கம்மாவுக்குத் தெரியும், நான் கேட்டதில்லை. எழுத்தில் இருந்தால் தப்பில்லாமல் கூப்பிடுவேன்.)